டெக்சாஸில் துப்பாக்கி லைசென்ஸ்: சனிக்கிழமை வகுப்புக்குப் போகும் முன்

“இப்பத்தான் லைசென்ஸே தேவையில்லையே, அப்புறம் எதுக்கு ஒரு சனிக்கிழமையை வீணாக்கணும்?” டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் கைத்துப்பாக்கி வாங்க நினைக்கிற நம்மவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பிய, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை இல்லாத எவரும் லைசென்ஸ் இல்லாமலே இடுப்பில் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) போட்டுக் கைத்துப்பாக்கியைச் செருகிக்கொண்டு வெளியே போகலாம். எச்பி 1927 என்ற மசோதா கொண்டுவந்த மாற்றம் அது. ஆனால் “தடை இல்லாத” என்று நடுவில் ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறதே, நம்மவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான்.

ஆகவே துப்பாக்கிக்கு முன்னால் விசா. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிற பி-2, இவை எல்லாமே குடியேறுவதற்கான விசாக்கள் அல்ல. இந்த விசாக்களில் நாட்டுக்குள் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். 2022-க்குப் பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. விலை கொடுத்து வாங்கினால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், வாடகைக்கு எடுத்து ஒரு மணி நேரம் சுட்டாலும் அது “வைத்திருப்பது”தான். லாஸ் வேகாஸ் போன இடத்தில் ஜாலிக்குச் சுட்டுப் படம் போடுகிற விருந்தாளிகள் இதை யோசிப்பதே இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் இந்தத் தடை நீங்கும். ஆள் வேட்டைக்குப் போகிறாரா என்று சட்டம் கேட்பதில்லை. அதனால் எச்-1பி-யில் இருக்கும் சிலர் அந்த வழியாகக் கடைக்குப் போகிறார்கள். அவர்கள் கவனிக்க மறப்பது தேதியை. டெக்சாஸின் வருடாந்தர வேட்டை லைசென்ஸ் ஆகஸ்ட் 31-உடன் முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தவருக்கு, ஆகஸ்ட் 31 இரவு வரை அலமாரியில் சும்மா கிடந்த துப்பாக்கி செப்டம்பர் 1 காலையில் ஃபெடரல் குற்றமாகிவிடும். கிரீன் கார்டு வரிசையில் நிற்கிற ஒருவர் இந்தக் கயிற்றில் நடக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு கையில் உள்ளவரையே நாடு கடத்தலாம் என்று குடிவரவுச் சட்டம் தனியாகச் சொல்கிறது. வரிசையில் நிற்பவர் அதைவிடப் பலவீனமான இடத்தில் இருக்கிறார். துப்பாக்கிக் கடைக்காரரிடம் யோசனை கேட்காமல் இமிக்ரேஷன் வக்கீலிடம் கேளுங்கள்.

கிரீன் கார்டுக்காரர், குடியுரிமை பெற்றவர் என்றால் வாங்கத் தடையில்லை. கடையில் 4473 என்ற படிவம் நிரப்ப வேண்டும். நம்மவர்கள் அங்கே மாட்டிக்கொள்கிற இடங்கள் மூன்று. முதலாவது, டிரைவிங் லைசென்ஸில் பழைய அபார்ட்மென்ட் முகவரி. ஃபிரிஸ்கோவில் வீடு வாங்கி வருடம் இரண்டாகியும் மாற்றியிருக்க மாட்டார்கள். இப்போதைய முகவரி இல்லாத அட்டையை வைத்து விற்க முடியாது. இரண்டாவது, கஞ்சா பற்றிய கேள்வி. பக்கத்து மாநிலம் அதைச் சட்டபூர்வமாக்கியிருந்தாலும் ஃபெடரல் கணக்கில் அது சட்டவிரோதம்தான் என்று படிவத்திலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறது. மூன்றாவதுதான் மோசம்: “உனக்குத்தான் கார்டு இருக்கே, எனக்கும் ஒண்ணு வாங்கிக் கொடேன்” என்று கேட்கும் நண்பர். உண்மையில் வாங்குகிறவர் நீங்கள்தானா என்று படிவம் நேராகக் கேட்கிறது. அடுத்தவருக்காக வாங்கிவிட்டு ‘ஆம்’ என்று எழுதினால் அது தனிக் குற்றம், அதற்கு 10 ஆண்டு வரை. நட்புக்கு வேறு வழிகள் இருக்கின்றன.

சரி, லைசென்ஸ் விஷயத்துக்கு வருவோம். இங்கே அதை எல்டிசி (லைசென்ஸ் டு கேரி, உடன் எடுத்துச் செல்லும் அனுமதி) என்பார்கள். 1991 அக்டோபரில் கில்லீன் ஊரில் லூபிஸ் உணவகத்தில் 23 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்று பெற்றோர் இருவரையும் கண்முன் பறிகொடுத்த சுசானா ஹப், சட்டத்துக்குப் பயந்து தன் ரிவால்வரைக் காரிலேயே விட்டுவிட்டு உள்ளே போயிருந்தார். அவர் போன்றவர்களின் சாட்சியம் 1995-இல் மறைத்து எடுத்துச் செல்லும் சட்டமாக விளைந்து, 1996 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. சரியாக 20 வருடம் கழித்து, ஹோல்ஸ்டரில் வெளியே தெரியவும் வைத்துக்கொள்ளலாம் என்று விரிந்தது.

லைசென்ஸ் கட்டாயம் இல்லாத இந்தக் காலத்திலும் அதை எடுக்கச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. முக்கியமானது பள்ளிக்கூடம். ஃபெடரல் சட்டப்படி எந்தப் பள்ளியின் எல்லையிலிருந்தும் 1000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. அந்த மாநிலம் கொடுத்த லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு உண்டு. (அப்போதும் பள்ளிக் கட்டடத்துக்குள் கூடாது.) நம்மவர்கள் வீடு வாங்குவதே நல்ல பள்ளிக்கூடம் பார்த்துத்தான். பிளேனோவிலோ கேட்டியிலோ தெருவில் இறங்கி நடந்தால் 1000 அடி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று யார் அளந்துகொண்டிருப்பது? டெக்சாஸ் சட்டம் அனுமதித்த ஒன்றை ஃபெடரல் சட்டம் பிடித்துக்கொள்ளும் இடம் இது. லைசென்ஸ் கையில் இருந்தால் இந்தக் கவலை தீர்ந்தது.

மற்றவை சுருக்கமாக. லூசியானா, ஓக்லஹோமா, ஆர்கன்சாஸ், நியூ மெக்சிகோ உள்பட நிறைய மாநிலங்கள் டெக்சாஸ் லைசென்ஸை ஏற்கின்றன. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய் ஏற்காது. பல்கலைக்கழக வளாகத்தில் லைசென்ஸ் உள்ளவர் மட்டுமே மறைத்து வைத்துக்கொள்ளலாம். அடுத்த துப்பாக்கி வாங்கும்போது 4473 நிரப்பினால் போதும், கடைக்காரர் உங்கள் பின்னணியைச் சோதிக்கப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

விண்ணப்பம் பெரிய வேலை இல்லை. மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் (டிபிஎஸ்) இணையதளத்தில் படிவம், 40 டாலர் கட்டணம், கைரேகைக்குத் தனிக் கட்டணம், வகுப்பு முடித்த எல்டிசி-100 சான்றிதழ். எல்லாம் சேர்ந்த பிறகு முடிவு சொல்ல அவர்களுக்கு 60 நாள் அவகாசம். முதல் லைசென்ஸ் நான்காம் ஆண்டு நிறைவுக்கு அடுத்த பிறந்தநாள் வரை, அதன்பின் ஐந்தைந்து வருடம். குடித்துவிட்டு ஓட்டி தண்டனை பெற்றிருந்தால் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும்; வரி பாக்கி, குழந்தைப் பராமரிப்புத் தொகை பாக்கி இருந்தாலும் கிடைக்காது.

வகுப்பு 4 முதல் 6 மணி நேரம். எப்போது சுடலாம் எப்போது கூடாது என்ற சட்டம், துப்பாக்கியின் பாதுகாப்பு, வாய்ச்சண்டையைத் தணிப்பது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பது, ஹோல்ஸ்டர். முடிவில் எழுத்துத் தேர்வு. சட்டப் பகுதியை ஆன்லைனில் முடித்துவிட்டு ரேஞ்சுக்கு மட்டும் நேரில் போகலாம் என்றாலும், முதல் முறை போகிறவருக்கு நேர் வகுப்பே நல்லது. “அவன் கெட்ட வார்த்தையில் திட்டினான், துப்பாக்கியைக் காட்டி மிரட்டலாமா?” என்ற கேள்வி எல்லா வகுப்பிலும் வரும். வெறும் வாய்வார்த்தை காரணம் ஆகாது என்ற பதிலை, கேட்டவர் முகம் போகிற போக்கோடு சேர்த்துப் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

எல்லாரும் பயப்படுவது சுடும் தேர்வுக்கு. பயப்பட ஒன்றுமில்லை என்பதுதான் அதில் எனக்குள்ள புகார். பி-27 என்ற ஆளுயர நிழலுருவத் தாள், 50 தோட்டா. 3 கெஜத்தில் 20, 7 கெஜத்தில் 20, 15 கெஜத்தில் 10. 3 கெஜம் என்றால் ஒன்பது அடி, நம் வீட்டு ஹாலில் சோபாவிலிருந்து டிவிக்குள்ள தூரம். அங்கே 2 வினாடிக்கு ஒன்றாக ஐந்து, 3 வினாடிக்கு இரண்டாகப் பத்து, பிறகு 10 வினாடியில் ஐந்து. கடைசி 15 கெஜத்தில் 6 வினாடியில் இரண்டு, 9 வினாடியில் மூன்று, 15 வினாடியில் ஐந்து. ஹோல்ஸ்டரிலிருந்து உருவ வேண்டியதில்லை. துப்பாக்கி ஏற்கெனவே கையில் தயாராக இருக்கும்.

மதிப்பெண்: நடுவில் 8-ஆம் வளையத்துக்குள் பட்டால் 5, 7-ஆம் வளையம் 4, உருவத்தில் வேறெங்காவது பட்டால் 3. மொத்தம் 250, தேற 175. கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 கெஜத்திலும் 7 கெஜத்திலும் நாற்பதும் நடுவில் பட்டால் 200. அதாவது 15 கெஜத்தில் ஒரு தோட்டாகூடச் சுடாமலே தேறிவிடலாம். இந்தத் தேர்வில் தேறியது, “இவர் கையில் துப்பாக்கி கொடுத்தால் பக்கத்தில் நிற்பவருக்கு உடனடி ஆபத்தில்லை” என்ற அளவுக்குத்தான். அதற்கு மேல் அர்த்தம் கொடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனாலும் தோற்பவர்கள் உண்டு, தோற்பது பெரும்பாலும் 15 கெஜத்தில். கிளாக் 19 மாதிரி ஒரு பிஸ்டலில் குறிபார்க்க மேலே உள்ள முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 153 மில்லிமீட்டர். முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் 3 கெஜத்தில் குண்டு 2 சென்டிமீட்டர்கூட நகராது, யாருக்கும் தெரியாது. அதே விலகல் 15 கெஜத்தில் 9 சென்டிமீட்டர். தவறு புதிதாக வரவில்லை, தூரம் அதை வெளியே காட்டுகிறது.

அந்த ஒரு மில்லிமீட்டர் எங்கிருந்து வருகிறது? டிரிகரை வெடுக்கென்று இழுப்பதிலிருந்து. வெடிக்கப் போகிறது என்று தெரிந்து, வெடிப்பதற்கு முன்பே மணிக்கட்டு கீழே அமுக்கும். வலது கைக்காரருக்குக் குண்டுகள் இடது கீழ்ப்பக்கம் கொத்தாக விழுந்திருந்தால் இதுதான் நோய். சைட்டைத் திருகி மாற்றுவதில் பயனில்லை. மருந்து மலிவானது: ஸ்னாப் கேப் எனப்படும் போலித் தோட்டா. நண்பர் ஒருவர் மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே இரண்டைக் கலந்து போட்டுக் கொடுக்கட்டும். போலி வரும்போது சத்தம் இருக்காது, ஆனால் துப்பாக்கியின் மூக்கு அரை அங்குலம் கீழே குதிக்கும். அதை ஒருமுறை சொந்தக் கண்ணால் பார்த்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அடுத்த தொல்லை பிடி. மணிக்கட்டு தொளதொளவென்று இருந்தால் ஸ்லைடு (சுடும்போது பின்னால் போய் வரும் மேல்பகுதி) முழுதாகப் பின்னால் போகாது. காலித் தோட்டா வெளியேறாமல் வாயிலில் புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து நிற்கும். வாடகைத் துப்பாக்கி சரியில்லை என்று திட்டுவார்கள். துப்பாக்கி சரியாகத்தான் இருக்கிறது. அப்போது செய்ய வேண்டியது: மேகசின் அடியில் கையால் ஒரு தட்டு, ஸ்லைடை முழுக்க இழுத்து விடுதல், தொடர்தல். சினிமாவில் பார்த்த ரிவால்வர் பிடி இன்னொன்று: இடது கட்டை விரலை ஸ்லைடுக்குப் பின்னால் குறுக்கே வைப்பது. பின்னால் வருகிற ஸ்லைடு அந்த விரலைச் சீவிவிட்டுப் போகும். இரண்டு கட்டை விரலும் ஒரே பக்கம், முன்னோக்கி.

போகும்போது என்ன கொண்டு போவது? தேர்வுக்கு 50 தோட்டா, அதற்கு முன் கை பழக இன்னொரு 50. 9 மில்லிமீட்டரில் 115 கிரெய்ன் (குண்டின் எடை) சாதாரண ரகம் போதும். மேகசின் இரண்டு. காதில் ஃபோம் அடைப்பான், அதற்கு மேல் ஹெட்செட், மூடிய ரேஞ்சில் இரண்டும் வேண்டும். கழுத்து ஒட்டிய டி-ஷர்ட். இது அலங்காரத்துக்குச் சொல்வதல்ல. சுட்டவுடன் தெறிக்கும் காலித் தோட்டா கொதிக்கும். அகலக் கழுத்துக்குள் ஒன்று விழுந்தால் ஆள் துள்ளுவார், கையில் உள்ள துப்பாக்கி வரிசையிலுள்ள அத்தனை பேரையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வரும். முடிந்ததும் குளிர்ந்த நீரில் கைகழுவுங்கள், ஈயத்தூள் இருக்கும். அதே சட்டையோடு போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள்.

முதல் துப்பாக்கியாக உள்ளங்கை அளவில் குட்டியாக ஒன்று வாங்குவது வழக்கமான பிழை. மனைவிக்கு என்றால் இன்னும் குட்டியாகத் தேடுவார்கள். எடை குறையக் குறையப் பின்னுதை கூடும். நான்கு அங்குலக் குழலுள்ள நடுத்தர அளவு பழகுவதற்கு ஏற்றது. வாங்குமுன் ரேஞ்சில் இரண்டு மூன்று வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள்.

தேர்வு தொடாமல் விடுகிற விஷயம் ஹோல்ஸ்டருக்குள் திரும்ப வைப்பது. இடுப்பில் வைத்திருப்பவர்கள் தங்களையே சுட்டுக்கொள்ளும் விபத்துகளில் நிறைய இந்த ஒரு வினாடியில் நடப்பவை. டி-ஷர்ட்டின் ஓரமோ, ஜாக்கெட்டின் இழுகயிறோ, தளர்ந்துபோன தோல் ஹோல்ஸ்டரின் மடிப்போ டிரிகர் வளையத்துக்குள் நுழைந்துவிடும். மேலிருந்து அழுத்துகிறவருக்கு ஏதோ தடுக்கிறது என்று தோன்றும், இன்னும் கொஞ்சம் அழுத்துவார். டிரிகருக்குத் தேவை ஐந்தரை பவுண்டுதான். ஆகவே கைடெக்ஸ் பிளாஸ்டிக் மாதிரி விறைப்பான ஹோல்ஸ்டர், டிரிகரை முழுக்க மூடியது, துப்பாக்கியை உருவிய பின்னும் வாய் திறந்தே நிற்பது. சட்டையை இடது கையால் மார்பு வரை தூக்கிப் பிடித்து, கண்ணால் பார்த்து, மெதுவாக. வேகமாக உருவுவதற்கு ஒரு காரணம் இருக்கலாம், வேகமாகத் திரும்ப வைக்க ஒரு காரணமும் கிடையாது. பெல்ட் ஒன்றரை அங்குல அகலத்தில் வளையாததாக இருக்க வேண்டும். சுடிதார் நாடாவும் வேட்டிக் கட்டும் முக்கால் கிலோவைத் தாங்காது. நம் உடைக்கு வயிற்றுப்பட்டை ரகம் ஓரளவு சரிப்படும், அதிலும் டிரிகர் மேல் விறைப்பான மூடி உள்ளதாகப் பாருங்கள். கைப்பையில் வைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 2014 டிசம்பரில் ஐடஹோவின் ஹேடன் ஊரில், கடை வண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை தாயின் பையைத் துழாவி, அவர் சுடப்பட்டு இறந்தார். பையில் துப்பாக்கிக்கென்றே தனி அறை இருந்தும்.

வீட்டில் குண்டில்லாமல் டிரிகர் பழகுவது நல்ல பயிற்சி, ஒரு நிபந்தனையோடு. தோட்டாக்கள் எல்லாம் வேறு அறையில். ஊர்ச் செங்கல் சுவரை மனதில் வைத்துக்கொண்டு இங்கே சுவரைக் குறிபார்க்காதீர்கள். இந்த வீடுகளின் உட்சுவர் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும்தான். 9 மில்லிமீட்டர் குண்டு அதில் இரண்டு மூன்றைத் தாண்டி, குழந்தை தூங்கும் அறைக்குள் போகும். பயிற்சி முடிந்து தோட்டா நிரப்பியதும் “இன்னும் ஒரே ஒரு தடவை” என்று கை போவதுதான் விபத்து. முடிந்தது என்றால் வாய்விட்டு “முடிந்தது” என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள்.

17 வயதுக்குக் குறைந்தவர் எடுக்கும்படி நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைத்தால் டெக்சாஸில் குற்றம். அதனால் யாருக்காவது உயிர்ச்சேதமோ பெருங்காயமோ என்றால் குற்றத்தின் தரம் உயரும். தரையோடு போல்ட் போட்ட சிறு பெட்டகம் போதும். விரல்ரேகைப் பூட்டு ஈரக்கையில் மக்கர் செய்யும், பொத்தான் அழுத்தும் மெக்கானிக்கல் பூட்டு மேல். ஆறு மாதம் தங்க வந்த அப்பாவுக்கு அதன் எண்ணைச் சொல்லிவைக்காதீர்கள். பி-2 விசாவில் உள்ளவர் கையில் துப்பாக்கி எட்டும்படி வைப்பது, மேலே சொன்ன அதே ஃபெடரல் தடையில் அவரைக் கொண்டு நிறுத்தும்.

வெளியே போனால் பலகைகளைப் படியுங்கள். 30.06 என்று எழுதியிருந்தால் லைசென்ஸ் உள்ளவர் மறைத்தும் கொண்டுபோகக் கூடாது, 30.07 வெளியே தெரியக் கூடாது, 30.05 லைசென்ஸ் இல்லாதவருக்கு. ஒரு அங்குல உயர எழுத்தில், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருக்கும். சிவப்பில் 51% என்று இருந்தால் அது மதுக்கூடம், உள்ளே கொண்டுபோகக் கூடாது. கோயில்களுக்கு 2019 முதல் தனித் தடை கிடையாது. நிர்வாகம் பலகை வைத்திருந்தால் மட்டும் கூடாது. தைப்பூசக் கூட்டத்தில் குனிந்து நிமிர்ந்து நமஸ்காரம் செய்யும் இடத்துக்கு இடுப்பில் எதற்கு அது என்பது வேறு கேள்வி. அலுவலகம் கட்டடத்துக்குள் தடை போடலாம். பார்க்கிங்கில் உங்கள் பூட்டிய காருக்குள் சட்டப்படி வைத்திருப்பதைப் பொதுவாகத் தடுக்க முடியாது. அப்படி வைத்தால் இருக்கைக் கம்பியோடு கேபிள் போட்ட பெட்டிக்குள் வையுங்கள்.

கடைசியாக விமான நிலையம். 2023-இல் அமெரிக்கா முழுக்கச் சோதனை வரிசைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அட்லாண்டாவுக்கு அடுத்து டல்லாஸ், அதற்கடுத்து ஹூஸ்டன். மறந்துபோய் வந்துவிட்ட லைசென்ஸ்காரர் சோதனை முடிந்ததும் உடனே வெளியேறினால் டெக்சாஸில் கைதிலிருந்து தப்பலாம். ஃபெடரல் அபராதம் ஆயிரக்கணக்கான டாலரில் தனியாக வரும்.

ஆனால் சென்னையில் இறங்குகிறவருக்குத் துப்பாக்கி வேண்டியதில்லை, பையின் மடிப்பில் ஒளிந்த ஒரே ஒரு தோட்டா போதும். இந்திய ஆயுதச் சட்டம், 1959 தோட்டாவையும் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கக் கூடாத பொருளாகத்தான் பார்க்கிறது. எக்ஸ்-ரேயில் தெரிந்தால் போலீசிடம் ஒப்படைப்பு, எஃப்ஐஆர், விமானம் போய்விடும். தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே குன்வந்த்லால் வழக்கில் சொல்லிவிட்டது. அதை எடுத்துக்காட்டி உயர் நீதிமன்றங்களில் இப்படிப்பட்ட வழக்குகள் ரத்தாகியும் இருக்கின்றன. ஆனால் அது வக்கீல் வைத்து, வாய்தாவுக்கு அலைந்து முடிந்த பிறகு கிடைப்பது. உங்களுக்கு இருப்பதோ மூன்று வார லீவு. ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள், பயணப் பெட்டிக்குள் ஜாக்கெட் வைக்கும் முன் எல்லாப் பாக்கெட்டையும் வெளியே இழுத்துப் பாருங்கள், காலித் தோட்டாவை ஞாபகார்த்தமாக மருமகனுக்கு எடுத்துப் போகாதீர்கள்.